கரப்பனும் வீட்டு வைத்தியமும்

தீவகத்துக் கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் கையே முதல். அக்கையிற் கரப்பன் தோன்றித் தோல் வரண்டு வெடித்து, இரவெல்லாம் தினவெடுக்குமாயின், வெங்காயப் பாத்தியிற் களை பிடுங்குவதும் வலை இழுப்பதும் பெருந்துன்பமாகும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் செல்லலாம். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகட்டுவான் துறைக்குப் படகிலேயே வரவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதுவும் அரிது. ஆதலின், வீட்டிலே எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது, எப்போது வைத்தியரை நாடவேண்டும் என்னும் மூன்றையும் ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கரப்பனின் இயல்பு

நல்ல தோல் வயல்வரம்பு போன்றது. அது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெளியிலுள்ள தீங்கை உள்ளே விடாது. கரப்பன் கண்ட தோலில் இவ்வரம்பு தளர்ந்துவிடுகின்றது. சோழகக் காற்று வீசும் வரட்சி மாதங்களில் ஈரம் விரைவாக வெளியேறுவதால் தினவு மிகுகின்றது. இது ஒருவரிலிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. வீட்டிற் பலருக்கு ஒருங்கே இராக்காலத்திற் கடி மிகுமாயின் அது சொறியாக இருக்கலாம். வட்டமாகப் படர்ந்து ஓரம் தடித்திருப்பின் அது படர்தாமரையாக இருக்கலாம். இவை தொற்றுவன, இவற்றிற்கு மருந்தும் வேறு.

குளிக்கும் முறை

நமது தீவுகள் சுண்ணக்கற் பாறையின் மீது அமைந்தவை. கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீராகும். பல இடங்களில் உவர்நீருமாகும். வன்னீரிற் சவர்க்காரம் நன்கு நுரையாது, படிவாகத் தோலில் ஒட்டி நின்று உறுத்தும். எனினும் நீரைமட்டும் குறைகூறிப் பயனில்லை. இங்கிலாந்தில் கரப்பனுள்ள 336 சிறுவர்களைக்கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், நீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்தியதால் மேலதிக நன்மை காணப்படவில்லை. நாம் செய்யக்கூடியது சவர்க்காரத்தைக் குறைப்பதேயாம். அதற்குப் பதிலாகப் பயற்றம்மாவை மெல்லப் பூசிக் கழுவலாம். வெடிப்புள்ள இடத்தில் அதனைத் தேய்த்தல் கூடாது. சுடுநீர் தினவைப் பெருக்கும். குளிப்பை 10 நிமிடத்துள் முடித்துக்கொள்க. கடலில் இறங்கியவர் நன்னீரால் உடலைக் கழுவுதல் வேண்டும்.

எண்ணெயும் ஈரத்துணியும்

குளித்தபின் துணியால் ஒற்றி, ஈரம் முற்றாக உலருமுன் தேங்காயெண்ணெயை மெல்லியதாகப் பூசுக. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இவ்வாறு பூசலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 சிறுவர்களுக்கு எட்டு வாரம் எண்ணெய் பூசிப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், கனிய எண்ணெயைவிடத் தூய தேங்காயெண்ணெய் மிகுந்த பயன் தந்தது. வாசனையோ சாயமோ கலவாத எண்ணெயே ஏற்றது.

தினவு மிகும்போது, கொதித்தாறிய நீரிற் பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம் இட்டுவைக்கலாம். நீர் வடியும் புண்ணில் எண்ணெய் பூசாது இத்துணியை மட்டும் இடுக. வேப்பிலை அவித்த நீரால் கழுவுதல் நம்மவரின் நெடுநாளைய வழக்கம். அதனைச் செய்ய விரும்புவோர் முதலிற் சிறியதோர் இடத்திற் கழுவி இரண்டு நாள் பார்த்து, எரிவு இல்லையாயின் தொடர்க.

செய்யத் தகாதன

இலையும் வேரும் இயற்கைப் பொருள் என்பதனால் தீங்கற்றவை என எண்ணுதல் தவறு. பச்சை உள்ளியை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துபோம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் படின் கொப்புளம் எழும். சேங்கொட்டைப் பால் கொடிய புண்ணை உண்டாக்கும். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குப் பருக்குதல் உயிருக்கே ஆபத்தாகும்.

கரப்பன் பண்டமென்று முட்டையையும் மீனையும் பாலையும் பிள்ளைகளுக்கு மறுத்துவிடுவோர் உளர். தீவகத்துப் பிள்ளையின் உடல் வளர்ச்சிக்கு மீனே பேருதவி. ஓர் உணவை உண்டவுடன் உடல் தடிப்பதாயின் அதனை நிறுத்தி வைத்தியருக்குத் தெரிவிக்க. மற்றையவற்றைக் காரணமின்றி விலக்கவேண்டாம்.

தோட்டத்திற் காப்பு

பூச்சிமருந்து, செயற்கைப் பசளை, பச்சைப் புகையிலை இலை ஆகியன கரப்பனைத் தூண்டவல்லன. வட மாகாணத்திற் பரவியுள்ள பார்த்தீனியம் என்னும் களையும் அத்தகையது. அதன் உலர்ந்த தூள் காற்றிற் பறந்து முகத்திலும் கழுத்திலும் கரப்பனை உண்டாக்கும். அதனைப் பூக்குமுன், கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து வேருடன் பிடுங்குக. கரப்பனுள்ளவர் அவ்வேலையைப் பிறரிடம் விடுவதே நன்று. இறப்பர்க் கையுறையின் உள்ளே அணியும் பருத்திக் கையுறை வியர்வையை உறிஞ்சும். வேலை முடிந்ததும் கைகளைக் கழுவி எண்ணெய் பூசுக.

வைத்தியரை நாடுங் காலம்

புண்ணிற் சீழ் பிடித்தல், காய்ச்சல், வலியுடன் கூடிய சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுதல், கண்ணருகே பரவுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணின் அன்றே ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு வைத்தியசாலைகளுள் அண்மையிலுள்ளதற்குச் செல்க. கைக்குழந்தையாயின் சிறிதும் தாமதிக்கலாகாது. இரண்டு வாரம் வீட்டு முறைகளைச் செய்தும் தணியாவிடினும் வைத்தியரைக் காண்க. அவர் அளவறிந்து தரும் ஸ்டீரொய்ட் களிம்புக்கு அஞ்சவேண்டாம். கடையிற் பெயரறியாது வாங்கும் களிம்புக்கே அஞ்சுக.

எண்ணெயும் ஈரத்துணியும் கரப்பனை வேரோடு களையா. தளர்ந்த வரம்பைக் காத்துத் தினவைத் தணிக்கும். அவ்வளவையே அவற்றிடம் எதிர்பார்த்து, அதற்கு மிஞ்சியதை வைத்தியரிடம் ஒப்படைப்பவர் வீணாகத் துன்புறார்.