விற்கும் நேரம் அறிந்த பிரைட்டன்

2023 ஜனவரி கடைசி வாரம். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரைட்டன் கால்பந்து கிளப்பின் நடுகள வீரர் மோய்செஸ் காய்செடோவுக்கு ஆர்சனல் 6 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னது. பிரைட்டன் மறுத்தது. தொகை 7 கோடிக்கு ஏறியது. அதற்கும் மறுப்புதான். 21 வயது காய்செடோ, தன்னைப் போகவிடுமாறு இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாகவே எழுதினார். கிளப் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. டிரான்ஸ்ஃபர் கெடு முடியும்வரை பயிற்சிக்கு வரவேண்டாம், ஓய்வெடுத்துக்கொள் என்று சொன்னது. கெடு முடிந்தது, அவர் திரும்பி வந்தார், மார்ச்சில் புதிய ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார்.

ஆகஸ்டில் செல்சி அவரை வாங்கியபோது விலை 10 கோடி பவுண்டு. நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் 1.5 கோடி. அன்றைக்கு பிரிட்டனின் சாதனை விலை அது. இதே வீரரை 2021இல் ஈக்வடார் கிளப் ஒன்றிலிருந்து பிரைட்டன் வாங்கியது சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு.

மலிவாக வாங்கி அதிக விலைக்கு விற்கிறார்கள் என்று பிரைட்டனைப் பற்றிச் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. மலிவாக வாங்கும் கிளப்புகள் ஐரோப்பாவில் ஏராளம். வந்த விலைக்கு விற்றுவிட வேண்டிய அவசரம் இல்லாமல் கணக்கை வைத்துக்கொள்வதில்தான் பிரைட்டன் தனித்து நிற்கிறது. அந்த ஜனவரியில் விற்றிருந்தால் சீசன் நடுவே அணியின் முதுகெலும்பே போயிருக்கும். விற்காததால் அந்த சீசனில் 6ஆம் இடம் கிடைத்தது, கிளப் வரலாற்றிலேயே முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்றது.

ஒரே விற்பனை, இரண்டு கணக்கு

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளக் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் திறக்க வேண்டும். 10 கோடிக்கு ஒரு வீரரை 5 ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால், வாங்கிய கிளப் அந்தச் செலவை ஆண்டுக்கு 2 கோடியாகப் பிரித்து எழுதும். விற்ற கிளப்போ, தன் புத்தகத்தில் அந்த வீரருக்கு மிச்சமிருக்கும் மதிப்பைக் கழித்துவிட்டு, மீதி முழுவதையும் அந்த ஆண்டே லாபமாகக் காட்டும். செல்சி எட்டு ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டதன் காரணமும் இதுதான்: ஆண்டு நீள நீள, ஒவ்வோர் ஆண்டின் சுமையும் குறையும். 2023 டிசம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் கூடி, செலவைப் பிரிப்பதற்கு 5 ஆண்டு என்று உச்சவரம்பு வைத்தன.

அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்றிருந்தது. 2023-24 சீசனில் எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் இதை மீறியதற்காகப் புள்ளிகளை இழந்தன. ஆகவே ஜூன் 30, கணக்கு முடிக்கும் நாள் நெருங்கியபோது, சில பெரிய கிளப்புகள் யாரையாவது விற்றே தீரவேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. வாங்குபவருக்கும் அது தெரிந்திருந்தது.

பிரைட்டனின் 2022-23 கணக்கில் லாபம் 12.28 கோடி பவுண்டு. காய்செடோ விற்பனைக்கு முந்தைய கணக்கு அது. குக்குரெயா, பிசூமா, ட்ரொசார்ட், மெக் அலிஸ்டர் ஆகிய வீரர்களின் விற்பனையும், பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரை அழைத்துக்கொண்டதற்காகச் செல்சி கொடுத்த இழப்பீடும் அதில் சேர்ந்தவை.

அடுத்தவர் யார்?

உரிமையாளர் டோனி ப்ளூம் அந்த ஊர்க்காரர், சிறுவயது முதல் அந்த அணியின் ரசிகர். போக்கர் ஆடியவர், பந்தயத் தரவுகளை அலசும் ஸ்டார்லிசார்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர். உலகின் மூலைமுடுக்கு லீகுகளில் ஆடுபவர்களையெல்லாம் எண்களாக மாற்றி ஒப்பிடும் அந்த முறைதான் கிளப்பின் தேர்வுக்கும் அடித்தளம். ஜப்பானின் மிதோமாவை 2021இல் வாங்கினார்கள். வேலை அனுமதி கிடைக்காததால் பெல்ஜியத்தின் யூனியன் கிளப்புக்கு ஓராண்டு இரவலாக அனுப்பினார்கள். அதுவும் அப்போது ப்ளூமின் கையில் இருந்த கிளப். அர்ஜென்டினாவின் மெக் அலிஸ்டரும் காய்செடோவும் இப்படி வெளியே ஆடிப் பழகி வந்தவர்களே. ஒருவர் போகும்போது அடுத்தவர் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பார், அல்லது பட்டியலில் இருப்பார். காய்செடோ போன அதே மாதம் லீல் அணியிலிருந்து கார்லோஸ் பலேபா வந்தார்.

தவறியதும் உண்டு. விக்டர் யோகெரெஷ் பிரைட்டனின் வீரராக இருந்தவர். லீக் ஆட்டத்தில் ஒருமுறைகூடக் களமிறக்காமல் 2021இல் கோவென்ட்ரிக்குச் சொற்பத் தொகைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் போர்ச்சுகலில் கோல்களாகக் குவித்து, பிறகு ஆர்சனலுக்குப் போனார். எந்தத் தரவும் எல்லோரையும் கண்டுபிடித்துவிடாது.

சேர்த்து வைத்த பணம் எதற்கு என்பதற்குப் பதில் 2024 கோடையில் கிடைத்தது. அந்த ஒரே கோடையில் சுமார் 20 கோடி பவுண்டுக்கு வீரர்களை வாங்கியது பிரைட்டன். அதில் ஒருவர் காம்பியாவின் யான்குபா மின்தே. நியூகாசில் அவரை ஓராண்டுக்கு முன்தான் வாங்கியிருந்தது. அவர் அந்தச் சட்டையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் ஜூன் 30க்குள் நஷ்டக் கணக்கைச் சரிக்கட்டியாக வேண்டிய நிர்ப்பந்தம். ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்குப் பிரைட்டன் அவரை எடுத்துக்கொண்டது. நியூகாசிலுக்கும் லாபம்தான், ஆனால் வளரும் 19 வயது விங்கரை வைத்துப் பார்க்க அதற்கு நேரம் இல்லை. பிரைட்டனுக்கு இருந்தது. என்னைப் பொறுத்தவரை, காய்செடோ விற்பனையைவிட இந்தக் கிளப்பைப் புரிந்துகொள்ள உதவுவது இந்த வாங்கல்தான்.

இதை எல்லோரும் பின்பற்றலாம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. விளையாட்டரங்கம் கட்டவும் அணியை உயர்த்தவும் ப்ளூம் கொடுத்த வட்டியில்லாக் கடன் சுமார் 40 கோடி பவுண்டு வரை ஏறியது. பொறுமையாக இருக்க முதலில் ஒருவர் பணம் போட வேண்டியிருந்தது. ரசிகர்களுக்கும் விலை உண்டு. பிடித்த வீரர் இரண்டு சீசன் தாண்டுவாரா என்ற கேள்வியுடனே அவரைக் கொண்டாட வேண்டியிருக்கிறது. ஜோவாவ் பெட்ரோ 2023இல் வந்தார், 2025இல் அவரும் செல்சிக்குப் போனார்.

பெரிய கோப்பை ஒன்றுகூட வெல்லவில்லையே என்று கேட்பவர்களிடம் நான் 1997ஐத்தான் காட்டுவேன். கடனை அடைக்க ஏற்கெனவே விற்கப்பட்டிருந்த கோல்ட்ஸ்டோன் மைதானத்தை விட்டு அந்த ஆண்டு கிளப் வெளியேற வேண்டியிருந்தது. அதன்பின் சொந்த ஆட்டங்களை இரண்டு ஆண்டுகள் சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி கில்லிங்ஹாமில் ஆடினார்கள், பிறகு 12 ஆண்டுகள் ஒரு தடகள மைதானத்தில். அந்த 1997 சீசனின் கடைசி நாளில், தோற்றிருந்தால் நான்கு தொழில்முறை டிவிஷன்களையும் விட்டே வெளியேற வேண்டிய ஆட்டம். ஹெரஃபர்டுடன் 1-1 என்று முடிந்தது. இரண்டு அணிகளுக்கும் புள்ளிகள் சமம், அடித்த கோல்கள் அதிகம் என்பதால் பிரைட்டன் தப்பியது. கீழே இறங்கிய ஹெரஃபர்டு யுனைடெட் பிற்பாடு மேலே வந்தாலும் கடனிலிருந்து மீளவில்லை. 2014 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கிளப்பைக் கலைத்தது.