இலைவழி ஊட்டம் – 6: கீரைக்கு எட்டாத இரும்பு

தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் நேரெதிர். அடி இலை பச்சையாகவே இருக்கும், கொழுந்து வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிய, இடைப்பட்ட பரப்பு மஞ்சளாகும். முற்றினால் இலை முழுக்க வெளிறிவிடும். இதுதான் இரும்புச்சத்துக் குறைபாடு.

பச்சையத்துக்குள் இரும்பு கிடையாது. ஆனால் இரும்பு இல்லாமல் செடியால் பச்சையத்தைத் தயாரிக்க முடியாது. பழைய இலைக்குப் போய்ச் சேர்ந்த இரும்பு புது இலைக்கு எளிதில் நகர்வதுமில்லை. அதனால்தான் கொழுந்து முதலில் பட்டினி கிடக்கிறது. இந்த மஞ்சளைப் பார்த்து யூரியா போட்டால் பணம்தான் வீண்.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமா? இல்லை. 100 கிலோ மண்ணில் சராசரியாக 3, 4 கிலோ இரும்பு இருக்கும். அது கரைவதில்லை என்பதே சிக்கல். மண்ணின் கார அமில நிலை ஓர் அலகு ஏறினால், கரைந்த நிலையில் உள்ள இரும்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கோவை, திண்டுக்கல் மாவட்டங்களில் சுக்கான் கல் கலந்த சுண்ணாம்பு நிலங்களில் கீரை வெளுப்பதற்கு இதுவே காரணம். அங்கே அன்னபேதியை (பெர்ரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) மண்ணில் தூவினாலும், சீக்கிரமே அது கரையாத துருவாகிவிடும்.

வேருக்கு எட்டாததை இலைக்கே கொடுத்துவிடலாம் என்பது 1840-களிலேயே தெரிந்த விஷயம். பிரான்ஸைச் சேர்ந்த யூசெப் கிரி, வெளுத்த இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைப் பூசி, பச்சை திரும்புவதைக் காட்டினார். இன்றும் சந்தேகம் தீர இதுவே எளிய வழி. ஒரு பாத்தியில் நாலைந்து செடிகளுக்கு மட்டும் தெளித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் அந்த இலைகளில் பச்சை ஏறினால் குறை இரும்புதான். ஏறாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மற்றப் பயிர்களுக்கும் கீரைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நிலக்கடலை இலையில் நாலு கருகல் புள்ளி விழுந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கீரையில் இலையேதான் சரக்கு. மருந்து விழுவது விற்கப்போகும் பொருளின் மேல். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும் என்பதால், மண் திருந்தும்வரை காத்திருக்கவும் முடியாது. ஆகவே அளவும் நேரமும் இங்கே மிக முக்கியம்.

10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். முதலில் அமிலத்தைக் கரைத்துவிட்டு, பிறகே அன்னபேதியைப் போட வேண்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் இரும்பை வீழ்படிவாக்காமல் அமிலம் தடுக்கும். அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறிய பழைய சரக்கு பயன்படாது. கரைசலை அன்றன்றே தயாரித்து உடனே தெளித்துவிடுங்கள். இலையில் ஒட்ட, ஒட்டும் திரவம் சிறிது சேர்க்கலாம். டிஏபி கரைசலோடு மட்டும் கலக்கக் கூடாது. மணிச்சத்தும் இரும்பும் சேர்ந்தால் அடியில் படிந்துவிடும்.

வெயில் தாழ்ந்த மாலையில், இலையின் அடிப்புறமும் நனையும்படி புகைபோலத் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் கரைசல் இலையிலேயே காய்ந்து கெட்டியாகி, இலை கருகும். முளைக்கீரைக்கு விதைத்த 10, 12 நாளில் ஒரு முறை, தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து மறுமுறை. அதற்குமேல் வேண்டாம், பறிக்கும் சமயத்தில் துருக்கறை தெரியும். அரைக்கீரையில் ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் புதிதாகத் துளிர்க்கும் இலைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். போன முறை தெளித்தது போன அறுப்போடு சந்தைக்குப் போய்விட்டதே!

தெளிப்பு அந்தந்தப் போகத்தைத்தான் காப்பாற்றும். அடுத்த போகத்துக்கு வேரை வலுவாக்க, மக்கிய தொழு உரத்தைத் தாராளமாக இடுங்கள். பாத்தியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். சுண்ணாம்பு நிலத்தில் நீர் தேங்கினால் பைகார்பனேட் பெருகி, இரும்பு இன்னும் எட்டாமல் போகும். மண் பரிசோதனை இல்லாமல் சூப்பர் பாஸ்பேட் இடுவதையும் நிறுத்துங்கள்.

அடுத்த வாரம்: இலையைச் சிறுக்கவைக்கும் துத்தநாகக் குறைபாடு.