மெய்நிகர்க் கணினி: படியாக்கமும் வட்டு விரிவாக்கமும்

விலை மிகுந்த ஒரே கணினியைப் பலரும் தத்தம் தனிக்கணினியெனக் கொண்டு பயன்படுத்தவேண்டிய பொருளாதாரத் தேவையிலிருந்தே மெய்நிகர்க் கணினி தோன்றிற்று. 1972இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த விஎம்/370 அத்தேவையின் விளைவே. இன்று நாம் கையாளும் மெய்நிகர்க் கணினியின் வன்தட்டு பெரும்பாலும் ஒரு கோப்பு மாத்திரமே. ஆதலின் அதனைப் படியெடுத்தல் மிக எளிதெனத் தோன்றுகின்றது.

முழுப்படி தாயினின்றும் பிரிந்து தனித்தியங்கும். இணைப்புப்படியோ பின்னர் நிகழும் மாற்றங்களை மட்டும் தன்னிடம் வைத்து, ஏனையவற்றுக்குத் தாய் வட்டையே சார்ந்திருக்கும். இடம் மிச்சமென மகிழ்ந்து தாயை அழிப்பின் சேயும் பயனற்றுப்போம். வலையமைப்பு முகவரியும் இயந்திர அடையாள எண்ணும் படியிலே புதுப்பிக்கப்படல் வேண்டும். இன்றேல் ஒரே வலையில் இரண்டும் மோதும்.

விரிவாக்கத்திலேயே மயக்கம் மிகுதி. 20 கிகாபைற் வட்டை 40 ஆக்கிய பின்னரும், உள்ளிருக்கும் லினக்ஸின் கோப்பு முறைமை பழைய அளவையே காட்டக் காண்கிறோம். வட்டு, அதன்மேற் பகிர்வு, அதன்மேற் கோப்பு முறைமை என அடுக்குகள் மூன்று. அடித்தளம் மாறியதும் மேற்கட்டுமானம் தானே மாறிவிடும் என்னும் இயந்திரப்பாங்கான விளக்கம் (நமது விமரிசகர் சிலருக்கு இன்றும் உவப்பானது) இங்கும் பொய்த்துவிடுகின்றது. முதலிற் பகிர்வின் எல்லையை நீட்டி, பின்னரே கோப்பு முறைமையை வளர்த்தல் வேண்டும். பகிர்வை அடுத்து வேறொரு பகிர்வு கிடப்பின் அதுவும் இயலாது. தொடங்குமுன் தரவுகளுக்குத் தனிப்படி எடுத்துவைத்தல் இன்றியமையாதது.

தேவைக்கேற்ப வளரும் வட்டுகள் பலவற்றுக்குத் தலா 40 கிகாபைற் எனப் பெயரளவில் வழங்கலாம். ஆயினும், அவற்றைத் தாங்கும் பௌதிக வட்டு நிரம்பிய கணத்தில் அவை எழுத இடமின்றி நின்றுவிடும்.