உங்களுக்குத் தெரியுமா? களைத்த தசையில் மின் அலை கூடும்!

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் மணிக்கணக்காக நெய்பவரின் தோள் களைத்தால், அந்தத் தசையின் மின்சாரம் குறையும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு! அதே விசையை விடாமல் தரும் தசை களைக்கக் களைக்க, தோலின் மேல் பதிவாகும் மின் அலை பெரிதாகிறது.

• ஏன்? களைத்த தசை இழைகளால் முன்போல் இழுக்க முடியாது. வேலை நிற்காமலிருக்க, நரம்பு மண்டலம் புதிய இழைகளைத் துணைக்கு அழைக்கிறது.

• முன்னறிவிப்பு: இழைகளில் மின் துடிப்பு ஓடும் வேகம் தணிவதால், அலையின் அதிர்வெண் இறங்கும். கை தளரும் முன்பே இந்த மாற்றம் திரையில் தெரியும்.

• ஊசி வேண்டாம்: தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு மின்முனைகளை ஒட்டுவார்கள். தசையின் மின்சாரத்தைத் தோல் மேலிருந்தே பதியும் இந்த முறைதான் மேற்பரப்பு ஈ.எம்.ஜி. கிடைப்பது சில மில்லிவோல்ட்தான். ஒரு பென்சில் பேட்டரி தருவதோ 1,500 மில்லிவோல்ட். ஆழத்திலுள்ள தசைகள் மட்டும் இதற்குச் சரியாகப் பிடிபடாது.

• முதலில் மின்சாரம், பிறகு அசைவு: தசையில் மின் துடிப்பு எழுந்து நொடியின் நூறில் சில பங்கு நேரம் கழிந்த பிறகே, தறியில் ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடாவைத் தள்ளும் விசை பிறக்கிறது.

• நொடி ஓய்வும் மருந்து: நார்வேயில் பொட்டலம் கட்டும் பெண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 1993இல் வெளியானது. கழுத்து–தோள் தசைக்கு நடுநடுவே குட்டி ஓய்வு குறைவாகக் கிடைத்தவர்களுக்கே வலி வரும் வாய்ப்பு அதிகம் என்றது அது. மூன்று நாடாக்களோடு, சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை நெய்யும் நம் நெசவாளர்களும், இடையிடையே தோளைத் தளரவிடுவது நல்லது.