மரத்தவளை வளர்ப்பு

விரும்பிய உயிரைக் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்தல் மக்களின் இயல்பு. நாயும் பூனையும் அதனால் மகிழும். ஆயின், தொட்டால் துன்புறும் உயிர்களும் உள. மரத்தவளை அவற்றுள் ஒன்று.

ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்கிலும் பச்சை மரத்தவளை என்னும் இனம் வாழ்கின்றது. ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம் வளரும். விரல் நுனிகளில் உள்ள வட்டத் தட்டுகளால் வழவழப்பான கண்ணாடியிலும் ஒட்டி ஏறும். வீட்டு நீர்த்தொட்டிகளிலும் அஞ்சற்பெட்டிகளிலும் தானே வந்து குடியிருக்கும். மனிதரைக் கண்டு எளிதில் அஞ்சாது. ஆதலின், இதனை வளர்க்க விரும்புவோர் பலர். நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கு உரிமம் பெறுதல் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வருதல் குற்றமாகும்.

தவளையின் தோல் வியப்பிற்குரியது. தவளை வாயினால் நீர் பருகுவதில்லை; தோலினாலேயே உறிஞ்சிக்கொள்கின்றது. மூச்சு விடுதற்கும் நுரையீரலோடு தோல் துணைசெய்கின்றது. நீரை உட்கொள்ளும் அத்தோல், நம் கையில் ஒட்டியுள்ள சோப்பு, எண்ணெய், பூச்சிமருந்து ஆகியவற்றையும் உட்கொண்டுவிடும். அன்போடு தடவும் கையே அதற்கு நஞ்சாகிவிடுதல் உண்டு.

ஆகவே, அதன் உறைவிடத்தை அமைப்பதிலும் தோலின் நலனையே முதலில் எண்ணுதல் வேண்டும். மரமேறும் உயிராதலின், அகலத்தினும் உயரம் மிகுந்த கண்ணாடிப் பெட்டி ஏற்றது. காற்றுப் புகும் வலைமூடியும், ஏறுதற்குக் கிளைகளும், மறைதற்கு இலைகளும் வேண்டும். குளோரின் நீக்கிய நீரை ஆழமற்ற கிண்ணத்தில் வைத்து, நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். கழிவுகளையும் அன்றன்றே அகற்றுதல் நன்று.

பகலில் உறங்கி இரவில் இரைதேடுவது இதன் வழக்கம். எனவே, உயிருள்ள சிள்வண்டு முதலிய பூச்சிகளை மாலையில் இடுதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி இட்டால் உடல் பருத்து, கண்களின்மேல் கொழுப்பு மடிந்து தொங்கும்.

பெட்டியைத் தூய்மை செய்யும்போது தவளையை எடுக்க நேரிடலாம். அப்பொழுது கைகளைச் சோப்பு எச்சமின்றிக் கழுவி, குளோரின் நீக்கிய நீரால் நனைத்து, உடலைத் தாங்கி மெல்ல எடுத்தல் வேண்டும். பின்னர்ச் சோப்பிட்டுக் கைகழுவுதல் இன்றியமையாதது. தவளையின் தோலில் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் இருத்தல் கூடும்.

இவ்வாறு பேணப்படும் தவளை 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பொழுது சாய்ந்தபின், கிளையில் ஏறி இரைதேடும் அதனைப் பெட்டிக்கு வெளியே இருந்து கண்டு மகிழலாம். ஓர் உயிரின் இயல்பை அறிந்து, அதற்கேற்பத் தம் விருப்பத்தை அடக்கிக்கொள்வதே உண்மையான அன்பாகும்.