சுழன்று ஏறும் உணவகம்

உணவகம் ஒன்றை இந்திய முறையும் ஐரோப்பிய முறையும் கலந்து அமைக்கச் சொன்னால் நம்மில் பலர் என்ன செய்வோம்? ஒரு சுவரில் தஞ்சாவூர்த் தட்டு, எதிர்ச்சுவரில் ஈபில் கோபுரப் படம், மூலையில் குத்துவிளக்கு, மேசைமேல் மெழுகுவர்த்தி! இதைக் கலப்பு என்பதைவிட, இரு கடைச் சரக்கை ஓர் அறையில் அடுக்கியது எனலாம். உண்மையான கலப்பைக் காண விரும்பும் தோழியர், திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையத்தின் அருகேயுள்ள இந்தியன் காப்பி ஹவுசுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டிடக்கலை பயின்றவர். பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தவர். பின்னர் இந்தியாவையே தம் நாடாக்கிக்கொண்டார். இமயமலைப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தபின் கேரளத்தில் குடியேறி, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

செங்கல்லால் எழுந்த உருளை வடிவக் கட்டிடம் அது. உள்ளே மாடிக்கு மாடி படிக்கட்டு இல்லை. தரையே சரிவாகச் சுழன்று மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சுவராகக் கட்டப்பட்டுள்ளன. தரைதான் சரிவு, மேசை மட்டமானது. ஆகவே காப்பி சிந்தும் என்ற அச்சம் வேண்டாம்!

இதில் ஐரோப்பியம் எது, நம்முடையது எது? நம் பந்தியில் இலை முன் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து அமர்வோம். மேசைக்கு இருபுறமும் அமர்ந்து, காப்பி அருந்தியபடி உலக நடப்புப் பேசுவது 17-ஆம் நூற்றாண்டு லண்டன் காப்பிக் கடைகளில் வேரூன்றிய வழக்கம். அந்த அமர்வைப் பேக்கர் வைத்துக்கொண்டார். ஆனால் அந்நாட்டுக் கண்ணாடிச் சன்னலை விட்டுவிட்டார். குளிர் நாட்டில் கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுக் காற்றைத் தடுக்கும். நமக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. ஆகவே செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, நம் பழைய மாளிகைகளில் காணும் ஜாலியாகச் சுவரை அமைத்தார். வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. காற்று தாராளமாக வருகிறது. பகலில் உள்ளிருப்போருக்குத் தெரு தெரியும், தெருவில் போவோருக்கு உள்ளிருப்போர் எளிதில் தெரியார். தனியே பயணம் செய்யும் பெண்கள் கூச்சமின்றி அமர இது எவ்வளவு உதவி!

செலவையும் மறக்கலாகாது. காப்பி வாரியம் 1950-களில் தன் காப்பி ஹவுசுகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ.கே.கோபாலனின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தலாயினர். அவர்களிடம் தேக்குக்கும் வெல்வெட்டுக்கும் பணம் ஏது? கட்டிய இருக்கை உடையாது, களவும் போகாது. குறையும் உண்டு. நாற்காலியைப் போல் இழுத்துப் போட முடியாது. நாள் முழுதும் தட்டேந்திச் சரிவில் ஏறி இறங்கும் பரிமாறுவோரின் கால்களை நினைத்தால் இரக்கம் வருகிறது.

மனையியல் ஏட்டில் உணவகம் வரையும் தோழியர், சுவர்ப் படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் மேசையின் அகலத்தைக் குறியுங்கள். பீங்கான் தட்டுக்குப் போதுமான மேசையில் தலைவாழை இலை மடங்கிக் கிடக்கும். அடுத்து, கை கழுவும் தொட்டி. முள்கரண்டியால் உண்பவர்களின் உணவகத்தில் அது கழிப்பறைக்குள் ஒதுங்கியிருக்கும். கையால் உண்ணும் நமக்கு, எவர் மீதும் இடிக்காமல் எழுந்து போகும் தூரத்தில், கூடத்திலேயே வேண்டும்.