தீவுக்குப் படகேறும் முன்: சுற்றுலாப் பயணிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

வெள்ளிக்கிழமை மாலை திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம் பகுதியில் பலரது கைப்பேசிக்கும் ஒரே மாதிரி விளம்பரம் வந்து விழும். ‘ஒருநாள் தீவுச் சுற்றுலா, கோட்டை, காயல், கோயில், சாகசம், சாப்பாடு உட்பட.’ 1990-ல் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்கே தொடங்கிய பிறகு நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். வாரக் கடைசியில் ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் பிள்ளைகளையும் எங்காவது அழைத்துப் போக வேண்டுமென்றால் இந்த விளம்பரம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

விளம்பரத்தில் சொல்லும் இடங்கள் பார்க்க வேண்டியவைதான். வடக்கே கடலோரச் சாலையில் போனால் கடினங்குளம் காயல், பெருமாதுறை, அதையும் தாண்டினால் அஞ்சுதெங்கு. ஆற்றிங்கல் ராணி அனுமதித்த இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் எழுப்பிய கோட்டை அங்கே இன்றும் நிற்கிறது. 1721-ல் கம்பெனிக்காரர்களை உள்ளூர் மக்கள் எதிர்த்து எழுந்த ஆற்றிங்கல் கிளர்ச்சி இந்த மண்ணில்தான் நடந்தது. அஞ்சுதெங்குக் காயலின் நடுவே தென்னை சூழ்ந்த பொன்னும்துருத்து என்ற சிறு தீவில் நூறாண்டுப் பழமையான சிவபார்வதி கோயில் இருக்கிறது. அரச குடும்பத்துப் பெண்கள் நகைகளை அங்கே ஒளித்து வைத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. சற்று வடக்கே வர்க்கலாவின் செம்பாறைக் குன்றுகளில் பாராகிளைடிங்கும், கீழே கடலில் அலைச்சறுக்கும் நடக்கின்றன.

மகாகவி குமாரனாசான் பிறந்த காயிக்கரை கிராமம் அஞ்சுதெங்கை ஒட்டியே இருக்கிறது. 1924 ஜனவரி 16 அன்று கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் போன ‘ரிடீமர்’ படகு பல்லனை அருகே கவிழ்ந்து அவர் இறந்தார். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே காரணம் உயிர்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்னிகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது தனியார் படகல்ல, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப் படகில் உல்லாசப் பயணம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மூழ்கிப் போனார்கள். 2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் ‘அக்வா மரைன்’ படகு மூழ்கியதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து குழுவாகத் தீவு பார்க்கப் போனவர்கள். சுமார் 25 பேர் ஏறக்கூடிய அந்தப் படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் நடந்த விபத்தில் 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தினர். பொழுது சாய்ந்த பிறகு கிளம்பிய படகு அது. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். ஏற்ற அனுமதிக்கப்பட்டது 22 பேர், ஏறியவர்கள் அதைவிட மிக அதிகம். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஒவ்வொரு படகிலும் அதிகபட்சம் எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. படகுக்கு அனுமதி வழங்கிய அதிகாரிகளும் கைதானார்கள்.

இந்த விபத்துகள் எதற்கும் புயலோ சுனாமியோ காரணமல்ல. படகுத்துறையிலேயே தடுத்திருக்கக் கூடிய தவறுகள்தான் காரணம்.

படகுத்துறையில் பார்க்க வேண்டியவை

உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 பொருந்தும். கேரளத்தில் அவற்றுக்குப் பதிவும் ஆய்வுச் சான்றும் தருவது கேரள கடல்சார் வாரியம். படகுக்குப் பதிவு எண், நடப்பில் உள்ள தகுதிச் சான்று, காப்பீடு மூன்றும் வேண்டும். ஓட்டுபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். அங்கே படகை ஓட்டுபவரை ‘ஸ்ராங்க்’ என்பார்கள். ‘ஸ்ராங்க் யார், லைசன்ஸ் இருக்கிறதா?’ என்று கேட்பது பயணியின் உரிமை. அதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் படித்துவிட்டு ஏறியிருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடந்தால் போதாது. ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும், வார் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். பெரியவர்களின் ஜாக்கெட் குழந்தையின் தலை வழியே நழுவிப் போய்விடும், அதனால் குழந்தைகளுக்கான அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். படம் எடுக்கவோ பறவை பார்க்கவோ எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனால் படகு சாயும். இரண்டடுக்குப் படகில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகிலோ, ஓட்டத் தகுதியற்ற படகிலோ காசு வாங்கிக்கொண்டு பயணிகளை அழைத்துப் போவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். கண்ணெதிரே இது நடந்தால் 112-ஐ அழையுங்கள். கேரள கடலோரக் காவல்துறைக்கு 1093, கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554.

அலையும் உயரமும்

பொன்னும்துருத்து இருக்கும் காயல் அமைதியானது. கடலைச் சேரும் முகத்துவாரம் அப்படியல்ல. பெருமாதுறை அருகே முதலப்பொழியில், கடலையே தொழிலாகக் கொண்ட மீனவர்கள் அறுபது பேருக்கும் மேல் படகு கவிழ்ந்து இறந்திருக்கிறார்கள். ‘கொஞ்சம் கடல் வரை போய்த் திரும்பலாம்’ என்று படகோட்டி ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கரையில் மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, ஆனாலும் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும். இந்தியப் பெருங்கடலின் தெற்கே வெகுதொலைவில் வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதுவதுதான் காரணம். 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரத்தில் பல இடங்களில் இப்படித்தான் நீர் புகுந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையம் இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் கடல் விளையாட்டு நடத்துவது நடத்துபவரின் கவனக்குறைவாகக் கருதப்படலாம்.

வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரையில் 2023 மார்ச்சில், கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண்ணும் அவருடைய பயிற்சியாளரும் பாராகிளைடரோடு உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கி நெடுநேரம் தொங்கினார்கள். அதே கடற்கரையில் 2024 மார்ச் 9 அன்று மிதவைப் பாலத்தின் கைப்பிடி அலையில் உடைந்து பலர் காயமடைந்தார்கள். சாகச நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சுற்றுலாத் துறையின் பதிவு இருக்கிறதா? இன்றைய காற்றையும் அலையையும் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது?

பில்லும் கையெழுத்தும்

கட்டணம் கொடுத்துச் சேவை பெறுபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நுகர்வோர். அலுவலகமோ நண்பரோ பணம் கட்டியிருந்தாலும், அவர்கள் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. பயணி இறந்துவிட்டால் வாரிசுகள் புகார் செய்யலாம், பாதிக்கப்பட்டது குழந்தையென்றால் பெற்றோர் செய்யலாம்.

சேவையில் குறைபாடு என்பது வாக்களித்த இடத்தைக் காட்டாமல் விடுவது மட்டுமல்ல. காயமோ இழப்போ உண்டாக்கும் கவனக்குறைவும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே செய்தால் போதும் என்று நின்றுவிடாமல், என்னென்ன சேவைக்காக எவ்வளவு வாங்கினார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள்.

‘என்ன நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவது எங்கும் வழக்கம். அந்தக் கையெழுத்தால் பயணியின் உரிமை அழிந்துபோவதில்லை. அலை அடிக்கும், காற்று வீசும் என்ற இயல்பான அபாயத்தைப் பயணி ஏற்கிறார் என்று சொல்லலாம். அறுந்த வாரையும் உரிமமில்லாத ஓட்டுநரையும் அவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் நியாயமற்ற ஒப்பந்தத்தை மாநில நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கவும் வழியுண்டு.

லட்சத்தீவு போன்ற தொலைதூரத் தீவுகளுக்குத் தொகுப்புச் சுற்றுலா வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே நுழைய லட்சத்தீவு நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு தேவை. அனுமதி கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

புகார் செய்யும் வழி

முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல மொழிகளில் பேசலாம், தமிழும் அவற்றில் ஒன்று. அங்கே சமரசம் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய கட்டணம் 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் அங்கேதான் போக வேண்டும். கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இணையம் வழியாக ‘இ-ஜாக்ரிதி’ தளத்திலும் பதியலாம்.

விபத்து கேரளத்தில் நடந்தது, ஊர் தென்காசி, யார் அலைவது என்று பலர் புகாரையே விட்டுவிடுகிறார்கள். பழைய சட்டத்தில் இருந்த அந்தச் சிரமம் இப்போது இல்லை. புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கழக்கூட்டத்தில் வேலை பார்ப்பவர் திருவனந்தபுரத்திலும், ஊரிலிருந்து வந்த அவருடைய தந்தை தென்காசியிலும் புகார் செய்ய முடியும். ஒரே படகில் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் புகார் செய்யலாம்.

காயமோ மரணமோ நேர்ந்தால் காவல்துறை வழக்கும் தேவை. எல்லை நம்முடையதல்ல என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் முதல் தகவல் அறிக்கையை மறுக்க முடியாது. பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மருத்துவமனைச் சான்று, படகின் பதிவு எண் தெரியும் படம், உடன் வந்தவர்களின் தொலைபேசி எண்கள் மூன்றையும் அன்றே சேகரித்து விடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் காலக்கெடு, பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னித்து ஏற்கலாம். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பில் நிறைவில்லையென்றால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.